ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவர் பில் போடும் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் வட்டாரத்தில் ஒற்றை ஆளாகத் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. எலக்ட்ரீஷியன், வெல்டிங் பட்டறைக்காரர், டிசைனர், மொழிபெயர்ப்பாளர், ஹார்டுவேர் கடைக்காரர் என்று யாராக இருந்தாலும், பில் போட எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்ற பேச்சு எழும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவை தமிழ்நாட்டில் தன் பெயரில், தன் பான் எண்ணில் தொழில் செய்யும் தனி உரிமையாளருக்கானவை. கூட்டு நிறுவனத்துக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் சில விதிகள் வேறுபடும்.

மாசத்துக்குப் பத்து பில்தான் போடுறேன். அச்சடிச்ச பில் புக் போதாதா?

போதும். கையால் எழுதிய பில் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வரிசை எண் அச்சிட்ட, கார்பன் நகலுடன் கூடிய பில் புக்கை ஒழுங்காக எழுதிவருகிற ஒருவரை சாஃப்ட்வேருக்கு மாறச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை.

ஆனால் மூன்று நிலைமைகளில் பில் புக் தடுமாறத் தொடங்கும். வாடிக்கையாளர்கள் பில்லை மின்னஞ்சலில் பிடிஎஃப் வடிவத்தில் கேட்கத் தொடங்குவது ஒன்று. யார் எவ்வளவு பாக்கி என்பதை அறியப் பழைய புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருப்பது மற்றொன்று. ஜிஎஸ்டி பதிவு பெற்ற பிறகு ஒவ்வொரு பில்லையும் ரிட்டர்னுக்காக இன்னொரு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றாவது உங்கள் நிலைமையாக இருந்தால் மேலே படிக்கலாம்.

ஜிஎஸ்டி நம்பர் எடுக்காத நான் பில் போடலாமா? அதுக்கும் சாஃப்ட்வேர் ஒத்துவருமா?

தாராளமாகப் போடலாம். தமிழ்நாட்டில் பொருள் மட்டுமே விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை செய்பவருக்கு 20 லட்சம் ரூபாயையும் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பொருளை வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு இந்த விலக்கு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பதிவு பெறாதவர் பில்லில் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. ஆகவே சாஃப்ட்வேரில் ஜிஎஸ்டியை முழுவதுமாக அணைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் வரி விகிதத்தைப் பூஜ்யமாக வைக்கத்தான் முடியும். ‘டாக்ஸ் இன்வாய்ஸ்’ என்ற தலைப்பும் வெறுமையான வரிக் கட்டங்களும் அப்படியே அச்சாகும். அப்படிப்பட்ட பில்லை ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, பதிவு எடுத்தாச்சு. பில்லுல என்னென்ன கட்டாயம் இருக்கணும்?

மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46-வது விதி இதைப் பட்டியலிடுகிறது. உங்கள் பெயர், முகவரி, 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண், பில் எண்ணும் தேதியும், வாடிக்கையாளர் பதிவு பெற்றவராக இருந்தால் அவருடைய பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பொருள் அல்லது சேவையின் விவரமும் எச்எஸ்என் (பொருளின் வகைக் குறியீடு) அல்லது எஸ்ஏசி (சேவையின் வகைக் குறியீடு) எண்ணும், பொருளானால் அளவு, வரிக்கு உட்பட்ட மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, வெளிமாநில விற்பனையானால் எந்த மாநிலம் என்பது, உங்கள் கையொப்பம். பதிவு பெறாத வாடிக்கையாளரானாலும் மதிப்பு 50,000 ரூபாயைத் தொட்டால் அவர் பெயரும் முகவரியும் வேண்டும்.

பில் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. அந்த எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், இணைப்புக்கோடு, சாய்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும் தனித்தன்மையோடும் இருக்க வேண்டும். கடையின் முழுப் பெயரையும் ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து நீளமான எண்ணை உருவாக்கிவிட்டு, ரிட்டர்ன் போடும் நாளில் இணையதளம் அதை ஏற்க மறுப்பதைப் பார்த்துத் திகைத்தவர்கள் உண்டு. நல்ல சாஃப்ட்வேர் 17-வது எழுத்தைத் தட்டும்போதே எச்சரிக்கும்.

எச்எஸ்என் எண்ணைப் பொறுத்தவரை, ஐந்து கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் பதிவு பெற்ற வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் நான்கு இலக்கம் காட்டினால் போதும். கையொப்பம் குறித்து ஒரு விளக்கம்: தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மின்னணு முறையில் அனுப்பும் பில்லுக்குக் கையொப்பம் தேவையில்லை என்று 2018-இலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. கையொப்பத்தைப் படமாக ஒட்டும் வசதிக்காகக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம்.

எக்செல்ல போட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா செல்லாதா?

மேலே சொன்ன விவரங்கள் இருந்தால் செல்லும். பலர் எக்செலில் தொடங்கியவர்கள்தாம். ஆனால் எக்செல் ஒரு பில்லை முடிந்துபோன ஆவணமாகப் பார்ப்பதில்லை. போன மாதக் கோப்பைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, அதன் மேலேயே சேமித்துவிட்டால் பழைய பில் போய்விடுகிறது. ஒரு டிசைனர் இப்படி ஏழு மாதங்கள் ஒரே கோப்பில் பில் போட்டிருந்தார். வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் கோப்புகளைத் தேடியெடுத்துத்தான் அவருடைய விற்பனைக் கணக்கை எழுத முடிந்தது.

எக்செலிலேயே தொடர விரும்புகிறவர் ஒவ்வொரு பில்லையும் பிடிஎஃப் ஆக்கி, பில் எண்ணையே கோப்பின் பெயராக வைத்து, மாதவாரியாகச் சேமித்து வையுங்கள்.

இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேரை நம்பலாமா?

நம்பலாம், எதை இலவசமாகத் தருகிறார்கள், எதற்குக் காசு கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு நம்புங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் தன் ஜோஹோ இன்வாய்ஸை 2021 முதல் முழுவதும் இலவசமாகத் தருகிறது. அந்த நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் ஜோஹோ புக்ஸ் போன்ற கட்டணச் சேவைகளிலிருந்து வருமானம் வருகிறது என்பதால், இந்த இலவசத்தின் காரணம் நமக்குப் புரிகிறது. பில் மட்டும் போட்டு, பாக்கியைக் கவனித்தால் போதும் என்கிற சேவைத் தொழில்காரருக்கு அது பொருந்தும். கொள்முதல், ஸ்டாக் என்று கணக்கு விரியும்போது கட்டணப் பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

சில செயலிகளில் இலவசத் திட்டம் இத்தனை பில் வரைக்கும்தான் என்றிருக்கும். சிலவற்றில் பில்லின் அடியில் அவர்களுடைய விளம்பரம் அச்சாகும். சிலவற்றில் கைப்பேசியில் இலவசம், கம்ப்யூட்டரில் கட்டணம். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. நான் பொறுக்காதது ஒன்றே ஒன்று: உங்கள் பில்களை மொத்தமாக வெளியே எடுக்கும் வசதியைக் கட்டணத்துக்குள் பூட்டி வைப்பது. அப்படிப்பட்ட இலவசத்தில் முதல் பில்லைக்கூடப் போடாதீர்கள்.

மொபைல் ஆப் போதுமா, கம்ப்யூட்டர் வாங்கணுமா?

வேலை நடக்கும் இடத்திலேயே பில் கொடுக்கிறவருக்கு, அதாவது வீடுவீடாகப் போகும் ஏசி மெக்கானிக், பிளம்பர், சந்தையில் விற்பவர் போன்றோருக்குக் கைப்பேசிதான் சரி. மாத இறுதியில் நீளமான பில்களைத் தயாரிக்கிறவருக்குச் சின்னத் திரை கண்ணையும் கையையும் வருத்தும். எண் தவறுவதும் அங்கே அதிகம்.

இதைவிட முக்கியமானது, தரவு எங்கே இருக்கிறது என்பது. வியாபார் போன்ற செயலிகள் இணையம் இல்லாமலும் இயங்கும். சிக்னல் கிடைக்காத கிராமத்தில் அது பெரிய உதவி. ஆனால் அந்த நேரத்தில் பில் உங்கள் கைப்பேசிக்குள் மட்டுமே இருக்கிறது. கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலோ தொலைந்தாலோ கணக்கும் அதோடு போகும். ஆகவே தானாகக் காப்பு நகல் எடுக்கும் வசதியை முதல் நாளே இயக்கிவிட்டு, உண்மையிலேயே நகல் ஏறியிருக்கிறதா என்று இன்னொரு கருவியில் திறந்து பாருங்கள். இணையத்திலேயே இயங்கும் சாஃப்ட்வேரில் இந்தக் கவலை குறைவு. நெட் இல்லாத நாளில் பில் போட முடியாது என்ற கவலை அதற்குப் பதிலாக வரும். 2015 டிசம்பர் மழையையும் 2018 கஜா புயலையும் பார்த்த கடற்கரை மாவட்டங்களில் இந்த இரண்டு கவலைகளுமே மெய்யானவை. அதனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மேசை இழுப்பறையில் ஒரு கையெழுத்துப் பில் புக் இருக்கட்டும்; அதற்கென்று தனி எண் வரிசை வைத்துக்கொள்வதை விதி அனுமதிக்கிறது.

எல்லாரும் டேலின்னு சொல்றாங்க. அதையே வாங்கிடட்டுமா?

டேலி முதன்மையாக ஒரு கணக்கு சாஃப்ட்வேர். பில் போடுவது அதன் ஒரு பகுதி. 1986 முதல் இருக்கும் நிறுவனத்தின் படைப்பு என்பதால் அதை அறிந்த கணக்காளர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள். ஸ்டாக் வைத்து, பலரிடம் கொள்முதல் செய்து, வங்கிக் கடனுக்கு இருப்புநிலைக் குறிப்புக் காட்ட வேண்டிய கடைக்காரருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

மாதம் பதினைந்து சேவைப் பில் போடுகிற ஒருவர், ஆடிட்டரிடம் டேலி இருக்கிறது என்பதற்காகவே தானும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் விற்பனைப் பட்டியலை எக்செலாகக் கொடுத்தால் அவர் தன் டேலியில் ஏற்றிக்கொள்வார். வாங்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம், “எந்த வடிவத்தில் கொடுத்தால் உங்களுக்கு வேலை குறையும்?” என்று கேட்டுவிடுங்கள்.

எங்க ஆடிட்டர் ‘ஜேசன் ஃபைல்’ கேக்குறார். அது என்ன?

ஜிஎஸ்டி இணையதளத்தில் விற்பனை விவரங்களை மொத்தமாக ஏற்றும் கோப்பு வடிவம் அது. உங்கள் சாஃப்ட்வேர் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரப் படிவத்துக்கான ஜேசன் கோப்பை நேரடியாக உருவாக்கினால் மறு தட்டச்சு மிச்சமாகும். உருவாக்காவிட்டாலும் இலவச ஆஃப்லைன் கருவி ஒன்று ஜிஎஸ்டி தளத்திலேயே கிடைக்கிறது. எக்செல் பட்டியலை அதில் ஏற்றி ஜேசனாக மாற்றலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். காலாண்டின் முதல் இரண்டு மாதப் பில்களை அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றும் வசதி உண்டு. ஏற்றாவிட்டால் உங்களிடம் வாங்கிய கம்பெனிக்குக் காலாண்டு முடியும்வரை உள்ளீட்டு வரி வரவு, அதாவது உங்களுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வரவு, தெரியாது. வரவு தெரிந்த பிறகே பணம் தருவோம் என்று சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆகவே மாதவாரியாக, பதிவு பெற்ற வாடிக்கையாளரின் பில்களை மட்டும் தனியே பிரித்துத் தருகிற சாஃப்ட்வேர் உங்கள் வசூலையே விரைவுபடுத்தும்.

பில்லைத் தமிழ்ல அடிக்கலாமா?

46-வது விதி பில்லின் மொழியை வரையறுக்கவில்லை. உள்ளூர் வாடிக்கையாளர் தான் வாங்கியதைத் தன் மொழியில் படித்துச் சரிபார்ப்பதை நான் மனமார ஆதரிக்கிறேன். எத்தனையோ தகராறுகள் அதனால் தவிர்ந்திருக்கின்றன. வெளிமாநில வாடிக்கையாளருக்கு மட்டும் ஆங்கில விவரமும் வேண்டியிருக்கும் என்பதால், ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

சோதிக்க வேண்டியது அச்சு. திரையில் சரியாகத் தெரியும் ‘கொத்துமல்லி’யும் ‘பௌடரு’ம் தெர்மல் பிரிண்டரில் கொம்பும் காலும் பிரிந்து, அல்லது வெறும் கட்டங்களாக வரும். எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும் சாஃப்ட்வேரில் இந்தச் சிக்கல் இல்லை. அச்சாகும் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பொருள் பட்டியலைப் பழைய பாமினி எழுத்துருவில் வைத்திருப்பவர்கள் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்; இல்லையென்றால் புதிய சாஃப்ட்வேரில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

நான் காம்போசிஷன் திட்டத்துல இருக்கேன். அதே சாஃப்ட்வேர் போதுமா?

காம்போசிஷன் என்பது சிறு தொழில்காரர்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம். அதில் இருக்கும் வியாபாரி விற்றுமுதலில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. அவர் கொடுப்பது டாக்ஸ் இன்வாய்ஸ் அன்று, ‘பில் ஆஃப் சப்ளை’. தான் காம்போசிஷன் வரிதாரர், வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்ற வாசகம் அதன் மேற்பகுதியில் இருக்க வேண்டும். அமைப்புகளில் காம்போசிஷன் என்று தேர்ந்தெடுத்ததும் தலைப்பும் வாசகமும் தானாக மாறும் சாஃப்ட்வேராகப் பாருங்கள்.

நான் கடலூர், வாடிக்கையாளர் பாண்டிச்சேரி. அரை மணி நேரத் தூரம்தான். சாஃப்ட்வேர் ஐஜிஎஸ்டின்னு காட்டுது, தப்பா?

தப்பில்லை. தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. அது மாநிலம் கடந்த விற்பனை; அதற்கான வரிதான் ஐஜிஎஸ்டி. நாகப்பட்டினத்திலிருந்து காரைக்காலுக்கு விற்றாலும் இதே நிலைமை. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்தே சாஃப்ட்வேர் இதை முடிவு செய்கிறது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது. கட்டடத்தோடு தொடர்புடைய வேலைகளுக்கு, வயரிங், பெயின்டிங், உள்அலங்காரம் போன்றவற்றுக்கு, கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்த இடமே கணக்கு. புதுச்சேரி முகவரி கொண்ட ஒருவருக்குக் கடலூரில் இருக்கும் வீட்டில் நீங்கள் வயரிங் செய்தால், மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்குரிய சிஜிஎஸ்டியும் (மத்திய வரி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநில வரி) போட வேண்டும். வாடிக்கையாளரின் முகவரியை மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேர் அதற்கு ஐஜிஎஸ்டி போட்டுவிடும். தவறான தலைப்பில் கட்டிய வரியைச் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிப்பது நீண்ட வேலை. ஆகவே வழங்கும் இடத்தை ஒவ்வொரு பில்லிலும் நீங்களே கையால் மாற்ற முடிகிறதா என்பது, எல்லையோர ஊர்களில் தொழில் செய்கிறவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை. ஓசூர், கூடலூர், திருத்தணிக்காரர்களுக்கும் இதைச் சொல்வேன்.

தப்பாப் போட்ட பில்லை டெலீட் பண்ணிட்டு அதே நம்பர்ல வேற போடலாமா?

கூடாது. அந்தப் பில்லின் நகல் ஏற்கெனவே வாடிக்கையாளர் கையில் இருக்கலாம். ஒரே எண்ணில் இரண்டு பில் என்ற நிலை வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாடிக்கையாளருக்குப் போகாத பில்லை ‘ரத்து’ என்று குறித்து வைக்க வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலேயே எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை பில் போட்டீர்கள், அவற்றில் எத்தனை ரத்து என்று கேட்கும் அட்டவணை இருக்கிறது. போய்ச்சேர்ந்த பில்லில் தொகை கூடிவிட்டால், அதைக் குறைத்துக் காட்டும் ஆவணமான கிரெடிட் நோட் போடுங்கள். அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30-க்குள் அதை ரிட்டர்னில் காட்டினால்தான் வரி குறையும்.

யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிவு செய்யும் சாஃப்ட்வேர் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். தனி உரிமையாளருக்கு அந்த விதி பொருந்தாது. இதைக் காட்டி விலை உயர்ந்த பதிப்பை யாராவது விற்க வந்தால் மறுத்துவிடலாம். இருந்தாலும் கடையில் ஒரு பையன் பில் போடுகிறான் என்றால் அந்தப் பதிவு உங்களுக்கே பயன்படும்.

வரி விகிதம் மாறுறப்போ சாஃப்ட்வேர் தானா மாத்திக்குமா?

2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதங்களுக்குள் வந்தபோது இதற்கு விடை தெரிந்தது. எந்தப் பொருளுக்கு எந்த விகிதம் என்பதைப் பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் நாம்தான் மாற்றினோம். முந்நூறு பொருள் வைத்திருந்த கடைக்காரருக்கு, பட்டியலை எக்செலாக வெளியே எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றும் வசதி இருந்ததால் ஒரு மாலையில் வேலை முடிந்தது. அந்த வசதி இல்லாதவர் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினார்.

இன்னொன்றையும் அப்போது கற்றோம். விகிதத்தை மாற்றிய பிறகு ஆகஸ்ட் மாதப் பில் ஒன்றைத் திறந்து அச்சிட்டுப் பாருங்கள். பழைய விகிதத்திலேயே வர வேண்டும். புதிய விகிதத்தில் வந்தால் அந்த சாஃப்ட்வேர் உங்கள் கடந்தகாலக் கணக்கைத் திருத்துகிறது என்று பொருள். அதை விட்டு வெளியேறுங்கள்.

கம்பெனிக்காரங்க டிடிஎஸ் பிடிச்சிட்டுத்தான் பணம் போடுறாங்க. சாஃப்ட்வேர் அந்தத் தொகையை எப்பவும் பாக்கின்னே காட்டுது. என்ன செய்யறது?

ஒரு டிசைனர் 60,000 ரூபாய் வேலைக்கு 18 சதவீத வரி 10,800 சேர்த்து 70,800 ரூபாய்க்குப் பில் போடுகிறார் என்று வையுங்கள். உங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் என்று கம்பெனி தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்தால் 6,000 ரூபாய் கழிந்து 64,800 வரும். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருக்கும் பில்லில், வரி நீங்கலான தொகையின்மீதுதான் பிடிக்க வேண்டும் என்று 2017-இலேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. 7,080 பிடித்துவிட்டால் கேளுங்கள்.

வரவு வைக்கும்போது, ‘வந்த பணம்’ 64,800, ‘டிடிஎஸ்’ 6,000 என்று இரண்டாகப் பிரித்துப் பதிய சாஃப்ட்வேரில் இடம் வேண்டும். அப்போதுதான் பில் முடிந்ததாகும். பிடித்தம் உங்கள் பணம்; வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று பார்க்க இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். ‘தள்ளுபடி’ என்று பதிந்து பாக்கியை மறைக்கும் வழியை யாரோ சொல்லிக்கொடுத்து, ஓராண்டுப் பிடித்தத்தையே மறந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் வர மூணு மாசம் ஆகுது. சாஃப்ட்வேரால அதுக்கு ஏதாவது வழி உண்டா?

பாக்கிப் பட்டியலை நாள் கணக்கோடு காட்டுவதும், கெடு தேதிக்கு முன்னும் பின்னும் நினைவூட்டல் அனுப்புவதும் உதவும். பலருக்கு நேரில் கேட்கத் தயக்கம். அந்தத் தயக்கத்தைக் கடக்க மின்னஞ்சல் நினைவூட்டலைப் போல உதவுவது வேறொன்றில்லை. பில் தொகையுடன் கூடிய யுபிஐ க்யூஆர் குறியீடு பில்லிலேயே அச்சானால் சிறு தொகைகள் அன்றே வந்துவிடுகின்றன.

பெரிய கம்பெனிகளிடம் நினைவூட்டல் மட்டும் எடுபடாது. உற்பத்தி அல்லது சேவைத் தொழில் செய்பவர் உத்யம் எனப்படும் அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு எடுத்து, அந்த எண்ணைப் பில்லின் மேலேயே அச்சிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாகச் சேரும். மேலும், 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராத கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டில் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. இந்த ஒரு காரணத்தால் மார்ச் மாதத்தில் உத்யம் எண் உள்ள பில்களைத் தேடியெடுத்துப் பணம் தருகிறார்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தத் தாமதப் பாதுகாப்புக் கிடையாது. கெடு தேதி, உத்யம் எண் ஆகியவற்றுக்குப் பில் வடிவத்தில் நிரந்தர இடம் ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு டாலர்ல பில் போடணும். எதைப் பார்க்கணும்?

அந்நிய நாணயத்தில் பில் போட்டு, ரூபாய் மதிப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் ‘எல்யூடி’ எனப்படும் உறுதிமொழியை இணையதளத்தில் தாக்கல் செய்தால் வரி இல்லாமலேயே ஏற்றுமதி செய்யலாம். அது ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஏப்ரலிலும் புதுப்பிக்க வேண்டும். எல்யூடியின் கீழ் வரி செலுத்தாமல் செய்யும் ஏற்றுமதி என்ற வாசகம் பில்லில் வர வேண்டும். அதை ஏற்றுமதிப் பில்களுக்கு மட்டும் தானாகச் சேர்க்கும் சாஃப்ட்வேர் மறதியிலிருந்து காப்பாற்றும்.

ஈ-இன்வாய்ஸ் வசதி இல்லாத சாஃப்ட்வேர் வாங்காதீங்கன்னு விக்க வந்தவர் சொன்னார். சரியா?

மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃப் ஈ-இன்வாய்ஸ் ஆகாது. அரசுத் தளத்தில் பதிந்து, தனி எண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்ற பில்லுக்குத்தான் அந்தப் பெயர். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். உங்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை.

ஈ-வே பில் வேறு. அது சரக்கோடு போக வேண்டிய ஆவணம். பொருளை வண்டியில் அனுப்புகிறவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயும், மாநிலம் கடந்தால் 50,000 ரூபாயும் எல்லை; தாண்டினால் அது வேண்டும். கடலூர்–புதுச்சேரிச் சரக்கு இரண்டாவது வகை. எப்போதாவது ஒன்று போடுகிறவர் அரசுத் தளத்திலேயே நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு ரெண்டு தொழில். ரெண்டு பேர்ல தனித்தனி சாஃப்ட்வேர் வச்சா விற்றுமுதலும் தனித்தனிதானே?

இல்லை. கடையின் பெயர் எத்தனை இருந்தாலும் பான் எண் ஒன்று. இந்தியா முழுவதும் அந்தப் பான் எண்ணில் நடக்கும் விற்பனை எல்லாம் சேர்த்தே விற்றுமுதல் கணக்கிடப்படும். பொருள் விற்பனை 18 லட்சம், சர்வீஸ் வேலை 7 லட்சம் என்றால் மொத்தம் 25 லட்சம். சேவையும் கலந்திருப்பதால் 20 லட்ச எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு பெயர்களையும் ஒரே கணக்குக்குள் வைத்து, வெவ்வேறு பில் வடிவமும் வெவ்வேறு எண் வரிசையும் கொடுக்கும் சாஃப்ட்வேர் இருந்தால் மொத்தம் எப்போதும் கண்முன் இருக்கும்.

சாஃப்ட்வேர் மாறினா பழைய பில்லெல்லாம் என்ன ஆகும்?

ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். 2025-26 நிதியாண்டுப் பில்களுக்கு அது 2032 டிசம்பர் இறுதிவரை வரும். நீங்கள் சந்தா கட்டும் சாஃப்ட்வேர் அதுவரை இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தெர்மல் தாளில் அடித்த நகலும் அதுவரை நிற்காது, மை வெளுத்துவிடும். ஆகவே எந்த சாஃப்ட்வேரில் இருந்தாலும் மாதக் கடைசியில் எல்லாப் பில்களையும் பிடிஎஃப் ஆகவும், விற்பனைப் பட்டியலை எக்செலாகவும் இறக்கி, உங்களுடைய சொந்த இடத்தில் வையுங்கள்.

மாறுவதற்கு ஏப்ரல் 1 நல்ல நாள். புதிய எண் வரிசையும் அன்றே தொடங்கும். பழைய பில்கள் எல்லாவற்றையும் புதியதில் ஏற்ற முயல வேண்டாம். வாடிக்கையாளர் பட்டியல், பொருள் பட்டியல், நிலுவையில் இருக்கும் பில்கள் ஆகிய மூன்றும் போதும்.

வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். இலவச சோதனைக் காலத்தில் உங்கள் பழைய பில்களில் பத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வெளிமாநிலப் பில் ஒன்று, தள்ளுபடி கொடுத்தது ஒன்று, வரி உள்ளடங்கிய விலையில் ஒன்று, ரத்தானது ஒன்று, டிடிஎஸ் பிடித்தது ஒன்று அவற்றில் இருக்கட்டும். பிறகு அத்தனையையும் வெளியே எடுத்து, அந்த சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால் வாங்குங்கள்.

எனக்கு ஏதாவது ஆயிட்டா வீட்டுல இருக்கிறவங்களால பாக்கியை வசூல் பண்ண முடியுமா?

இதைக் கேட்டவர் ஒருவர்தான்; எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. தனி உரிமையாளரின் ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணோடு கட்டுண்டது. அவர் மறைந்தால் அதே பதிவில் வாரிசு தொழிலைத் தொடர முடியாது. வாரிசு தன் பெயரில் புதிய பதிவு எடுத்து, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல் சாஃப்ட்வேருக்குள் பூட்டியிருந்து, திறவுச்சொல்லும் ஓடிபி வரும் கைப்பேசியும் அவரோடு முடங்கிப்போனால், வழி இருந்தும் பயனில்லை.

வீட்டில் ஒருவரை இரண்டாவது பயனராகச் சேர்க்க முடிகிற சாஃப்ட்வேர் கிடைத்தால் அதற்கு நான் முன்னுரிமை தருவேன். அந்த வசதி இல்லையென்றால், மாதந்தோறும் இறக்கும் பாக்கிப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, சாஃப்ட்வேரின் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல், ஆடிட்டரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதன் பின்புறத்தில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். அடுத்த மாதத் தாளை வைக்கும்போது பழையதை எடுத்துவிடுங்கள்.